பதினோரு காகிதக் கைகள்

“நாப்பது நிமிஷம் கொடுங்க, சிஸ்டர். பதினோரு நாற்காலிக்கும் புது மெத்தை, புது உறை. ஒத்தைக் கையால முடிச்சுக் காட்டறேன். உங்க டீ ஆறதுக்குள்ள.”

குஷன்காரர் இதைச் சொன்னபோது நின்றுகொண்டுகூட இல்லை. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகளோடு டயாலிசிஸ் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். எட்டு மாதமாகச் சுத்தியலைத் தொட்டதில்லை. காலையில் சட்டையின் மேல் பட்டனைப் போட ஆரம்பித்தால், கடைசிப் பட்டனுக்கு வருவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம், அவ்வளவு சோர்வு. அந்த மனிதர்தான் நாற்பது நிமிடம் கேட்டார்.

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டோரம் வந்தால்கூட டெட்டால் போட்டுத் துடைத்துவிடுவார். “முதல்ல ஒழுங்கா மூச்சு விடுங்க. பிரஷர் ஏறுது” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மிஷினில் ஒரு கார் சீட்டின் ஓரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் படுத்த நாளிலிருந்து கடை அவள் காலில்தான் ஓடியது, மிஷினை மிதிக்கிற அந்தக் காலில். நின்று போன ஊசியைப் பார்த்தபடி, “சரிதான். நாளைக்கு மருந்து மாத்தச் சொல்லணும்” என்றாள்.

கடை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார்: “அப்படியா?”

அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும் என்பார்கள். முப்பத்து நான்கு வருடம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். டயர் பஞ்சர், வழியில் மாடு, ரயில்வே கேட், மாமியாருக்கு வயிற்றுப்போக்கு என்று டிரைவர்கள் சொன்ன அத்தனை சமாதானங்களையும் கேட்டுக் கேட்டு, உலகத்தில் கைக்கடிகாரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் உண்மை பேசாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். யார் என்ன சொன்னாலும் “அப்படியா?” அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்ததை ஓடிவந்து சொன்னவனுக்கும் அதே “அப்படியா?”தான். பிறகு மணி பார்த்துக்கொண்டார்.

தங்கையின் கணவர் விஷயத்தில் அவர் சந்தேகத்துக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. கடை வாசலில் நின்றிருந்த அவருடைய ஸ்கூட்டர்தான் அது. சீட் கிழிந்து பதினோரு வருடம். முதல் வருடம் ஒரு துண்டு ரெக்சின் கேட்டார்.

“துண்டெல்லாம் இல்ல மச்சான்” என்றார் குஷன்காரர்.

அவர் சொன்னபோது அவருக்குப் பின்னால் துண்டுகள் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. அன்றிலிருந்து ஸ்கூட்டர் சீட்டில் சாக்கு. மழை பெய்தால் சாக்கைப் பிழிந்துவிட்டு ஏறுவார்.

குஷன்காரர் அப்படிப்பட்ட ஆள்தான், மறைப்பானேன். ஆணியை வாயில் கவ்வியபடி வேலை செய்வார்; வாய் திறந்து பேசினால் ஆணி வீணாகிவிடும் என்று பேச்சையும் சேர்த்துச் சேமித்தவர். கடையின் உச்சிப் பரணில் ஒரு ரோல் இருந்தது. கரும்பச்சை ரெக்சின், குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும், அரிவாளால் கீறினாலும் கிழியாது. கடை திறந்த வருடம் வாங்கியது. அதற்குத் தகுந்த வேலை வரட்டும் என்று இருபத்தாறு வருடமாகக் காத்திருந்தார். கல்யாண மண்டப முதலாளி கேட்டார், கொடுக்கவில்லை. சொந்த மகள் கல்யாணத்துக்குச் சோபா செய்தபோது மனைவி ஜாடையாகப் பரணைப் பார்த்தாள்; அவர் ஜாடையாகத் தரையைப் பார்த்தார்.

அந்த மனிதரை ஒரு நாற்காலி மாற்றியது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் அந்த வார்டு. பதினோரு மிஷின், பதினோரு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு காலத்தில் யாரோ கொடுத்தது. அகலம் ஒன்று, உயரம் ஒன்று, ஆட்டம் ஒன்று. அவருக்கு வாய்த்தது நான்காம் நாற்காலி. உட்கார்ந்த முதல் நிமிடமே அவருடைய முதுகு தொழில்முறையில் அதைப் பரிசோதித்துவிட்டது: ஃபோம் செத்து அப்பளமாகிவிட்டது, அடிப்பலகை நடுவில் வளைந்திருக்கிறது, ஓரத்தில் மூன்று ஆணி வெளியே தலை நீட்டுகிறது. ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. அரிப்பெடுத்தால் அரிக்கட்டும், ஆணி குத்தினால் குத்தட்டும். ஒரு மணி நேரத்தில் இடுப்பில் யாரோ ரம்பம் போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் மணி நேரத்தில் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது ஒன்பதாம் நாற்காலியிலிருந்து ஒரு துண்டு வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், தன் முதுகுக்கு மடித்து வைத்திருந்த துண்டை உருவி, சின்ன சிஸ்டரிடம் கொடுத்து அனுப்பினார்.

“புதுசா வந்தவர் இடுப்புக்கு வைங்கம்மா” என்றவர், வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “முதல் நாள் கடிக்கும், சார். அப்புறம் பழகிடும். நாய் மாதிரிதான்.”

“உங்களுக்கு?”

“எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அதுக்கு நான் பழகிட்டேன்.”

குஷன்காரர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. உப்பில்லாத சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, “யாரோ ஒரு ஆள், பேர்கூடத் தெரியாது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “துண்டைக் கொடுத்துட்டான்” என்றார். துண்டைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

முதலில் தன் நாற்காலியை மட்டும் சரிசெய்யலாம் என்றுதான் கேட்டார். பெரிய சிஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

“ஒண்ணை மட்டும் மாத்திட்டு மத்த பத்து பேர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது? செஞ்சா எல்லாத்துக்கும் செய்யுங்க. ஆனா ஒரு நாற்காலிகூட வெளிய போகக்கூடாது. காலை ஷிஃப்டு முடிஞ்சு அடுத்த ஷிஃப்டு ஏற நாப்பது நிமிஷம். அதுல மிஷின் கழுவணும். அந்த நேரத்துல முடிஞ்சா சரி. ஒரு நாற்காலி பாதியில நின்னாலும் ஒரு ஆளுக்கு ரத்தம் சுத்தமாகாது. தெரியும்ல?”

தெரியும். தெரிந்துதான் அந்த வாய்ச்சவடால். மனைவிக்கு அது வாய்ச்சவடாலாகத் தெரியவில்லை, பயமாகத் தெரிந்தது. எட்டு மாதமாகக் கூரையைப் பார்த்தபடி கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து பரணைப் பார்க்கிறார். இது நடக்காமல் போனால் மறுபடி கூரைக்கே போய்விடுவார். இந்த முறை திரும்பி வர மாட்டார். ஊசி குத்துகிற கையால் கனம் தூக்கக்கூடாது, இறுக்கிப் பிடிக்கக்கூடாது. குஷன் வேலையோ ஒரு கையால் உறையை இழுத்துப் பிடித்து மறு கையால் ஆணி அடிக்கிற வேலை. ஒற்றைக் கையால் என்ன செய்வது, தடவிக் கொடுப்பதா?

“அண்ணே, நீயாவது சொல்லு” என்றாள்.

“என்னத்தச் சொல்றது? அந்தப் பச்சை ரோல் பரணை விட்டு இறங்கட்டும். அப்புறம் பேசலாம்.”

மறுநாள் காலை ரோல் இறங்கியது. அதில் இருந்த தூசியைத் தட்டியபோது தெருவில் பாதிப் பேர் தும்மினார்கள். மறு பாதிப் பேர் மழை வருகிறது என்று கொடியிலிருந்து துணியை எடுத்தார்கள். பெரிய சிஸ்டர் வார்டில் எதையும் பிளீச்சிங் தண்ணீரால்தான் துடைப்பார் என்பதால், குஷன்காரர் ஒரு துண்டு வெட்டி பிளீச்சிங் வாளியில் ஒரு வாரம் ஊறப் போட்டார். வாளியின் சாயம் போனது, ரெக்சின் சாயம் போகவில்லை.

டைம்கீப்பர் அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். “அப்படியா?” என்றார். குரலில் கேள்விக்குறி கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

அடுத்த சிக்கல் அளவு. வெளியிலிருந்து ஒரு நூல்கூட வார்டுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். அளக்கும் டேப்பை வாசலிலேயே பிடுங்கிவிட்டார்கள். உள்ளே கொண்டுபோக முடிந்தது கை ஒன்றுதான். ஆகவே குஷன்காரர் மற்ற பத்து பேரிடமும் சொன்னார்: “சும்மா இருக்கிற கையால உங்க நாற்காலியச் சாண் போட்டுப் பாருங்க. மீதிய விரக்கடையில சொல்லுங்க.”

நான்கு மணி நேரம் கூரையை எண்ணிக்கொண்டு கிடந்த பத்து பேருக்கும் வேலை கிடைத்தது. வார்டே நெளிந்தது. மூன்றாம் நாற்காலியில் கணக்கு டீச்சர். மூன்று தரம் அளந்து சராசரி எடுத்துச் சொன்னார். ஏழாம் நாற்காலியில் லாரி டிரைவர், “அகலம் ரெண்டு சாண், ஒரு விரல். எழுதிக்கோங்க, தப்பாது” என்றார். தபால்காரர் ஒவ்வொருவர் அளவையும் மனதில் வாங்கி, வரிசை மாறாமல் குஷன்காரரிடம் ஒப்பித்தார். முகவரி மாதிரி.

குஷன்காரர் தன் சாணை வைத்து வெட்டிக் கொடுத்தார். மனைவி தைத்தாள். ஏழாம் நாற்காலிக்கான உறைதான் முதலில் முடிந்தது. அழகாக இருந்தது. அதை முடித்த மறுநாள் அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே லாரி டிரைவர் தன் ஒரு நாளைக்கான தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தார். பாட்டிலைப் பிடித்திருந்தார் என்று சொல்லக்கூடாது. பாட்டில் அவர் கைக்குள் காணாமல் போயிருந்தது. முறம் மாதிரி கை. சுண்டுவிரலே அவள் கட்டைவிரலை விடத் தடிமன்.

அவள் கணவரின் தோளைத் தட்டினாள்.

“என்னங்க, இவர் சாணும் உங்க சாணும் ஒண்ணா?”

குஷன்காரர் டிரைவர் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முப்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக ஆணி இல்லாமலே வாய் அடைத்துப் போனார். பக்கத்தில் கணக்கு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “சராசரி எடுத்தேனே! அலகைச் சொல்லாம விட்டுட்டேனே! இதுக்குப் பசங்கள எத்தனை தரம் பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்!”

அன்று அவள் ஆஸ்பத்திரி கடையில் பழைய செய்தித்தாளும் பென்சிலும் வாங்கினாள். எடை பார்க்கக் காத்திருந்த பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கையை விரிக்கச் சொல்லி, தாளில் வைத்துச் சுற்றி வரைந்தாள். டிரைவர் கைக்கு இரண்டு தாளை ஒட்ட வேண்டியிருந்தது. தபால்காரர் கை நீளமாக, மெலிந்து, விரல் நுனியில் லேசாக மடங்கியிருந்தது.

“நல்லா விரிங்கண்ணா.”

“இதுக்கு மேல விரியாதும்மா. முப்பது வருஷம் கடுதாசியப் பிடிச்ச கை.”

பதினோரு காகிதக் கைகளையும் வெட்டிக் கடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினாள். கடைக்கு வந்தவர்கள் பயந்தார்கள். கைரேகைக்காரன் கடை மாறிவிட்டான் என்று ஒருத்தி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தந்த நாற்காலிக்கு அந்தந்தக் காகிதக் கையால் அளந்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் வெட்டினார்கள். வெட்டுவது அவர் வலது கை, துணியைப் பிடிப்பது அவள் கை. அப்போதுதான் குஷன்காரருக்கு அது உறைத்தது. கத்தரியை வைத்துவிட்டு மனைவி கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன?” என்றாள்.

“ஒத்தைக் கை ரெண்டு சேர்ந்தா ரெண்டு கைதானே?”

காலை ஷிஃப்டில் பதினோரு பேர். இறங்கும்போது அத்தனை பேருக்கும் ஒரு கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். அடுத்த ஷிஃப்டில் ஏறக் காத்திருப்பவர்கள் பதினோரு பேர். அத்தனை பேரும் ஊசிக்காக ஒரு கையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். இறங்கியவர் உறையை இழுத்துப் பிடிக்க வேண்டியது, ஏறப்போகிறவர் ஆணியைத் தானே கவ்வும் காந்தச் சுத்தியலால் அடிக்க வேண்டியது.

அடுத்த மூன்று வாரம் டயாலிசிஸ் வார்டில் குஷன் பள்ளிக்கூடம் நடந்தது. ஊசி ஏறிய கையை நீட்டிப் போட்டுக்கொண்டு, மறு கையால் தலையணை மூலையை இழுத்துப் பிடித்துப் பழகினார்கள். “நகத்தால இல்ல, விரல் சதையால. நடுவுல முதல் ஆணி, மூலை கடைசி” என்று குஷன்காரர் நான்காம் நாற்காலியிலிருந்து கட்டளை போட்டார். யாருக்கும் கூரை ஞாபகம் வரவில்லை. இரண்டு தலையணை கிழிந்தது. பெரிய சிஸ்டர் கிழிந்த தலையணையை எடுத்துக்கொண்டு போனார், திட்டவில்லை.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை ஒன்பதாம் நாற்காலி காலியாக இருந்தது.

சின்ன சிஸ்டர் சொன்னாள், தபால்காரர் போய்விட்டார், வீட்டிலேயே, காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்று. அன்று யாரும் தலையணையை இழுக்கவில்லை. 

மாலையில் கடையில் மனைவி ஒன்பதாவது காகிதக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உறை பாதி தைத்திருந்தது. டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார். “அந்த ஒண்ண விட்டுடலாமேம்மா. ஆளே இல்லியே.”

பாயில் படுத்திருந்த குஷன்காரர் எழுந்து உட்கார்ந்தார். “மச்சான், நாற்காலி இருக்குல்ல. நாளைக்கு ஒருத்தன் வந்து உக்காருவான். முதல் நாள் அவனைக் கடிக்கணுமா?”

டைம்கீப்பர் ‘அப்படியா’ சொல்லவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

அந்த நாள் வந்தது. சொந்தக்காரர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. மனைவி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். உறைகள், வெட்டிய ஃபோம், சுத்தியல் எல்லாம் பிளீச்சிங் துணியால் துடைக்கப்பட்டு உள்ளே போயிருந்தன. தோற்றுப்போவதைக் கண்ணால் பார்க்கத்தான் வந்தேன் என்று டைம்கீப்பர் அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டிருந்தார். கையில் கடிகாரம். பெரிய சிஸ்டர் தன் மேஜையில் ஒரு டம்ளர் டீயை வைத்தார்.

“ஆரம்பிங்க.”

இறங்கியவர்கள், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க, பத்து நிமிடம் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதற்குள் ஏறப்போகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, பழைய தோலைக் கிழித்தார்கள். உள்ளேயிருந்து வந்தது ஒரு தலைமுறை: மாத்திரைப் பட்டை, ரசீது, யாரோ தொலைத்த ஒற்றைத் தோடு, ஒரு முழு பிஸ்கட். குஷன்காரர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டி வழி சொன்னார்.  

பத்து நிமிடம் முடிந்தது. நாற்காலிக்கு இருவராக உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் நாற்காலி முன்னால் மட்டும் ஒரு ஆள் சுத்தியலோடு தனியாக நின்றார். இழுத்துப் பிடிக்க வேண்டிய கை இல்லை. மூன்று வாரம் எல்லாவற்றையும் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. தபால்காரர் இல்லை என்பதை ஒருவர் மனதும் கணக்கில் ஏற்றிக்கொள்ளவில்லை.

குஷன்காரர் தன் நான்காம் நாற்காலியைப் பார்த்தார், ஒன்பதைப் பார்த்தார். ஒன்றைவிட்டு ஒன்றுக்குப் போனால் இரண்டும் நிற்கும். நிமிடம் ஒன்று போனது. இரண்டு போனது.

பெரிய சிஸ்டர் கதவைத் திறந்தார். “இங்க யார் சும்மா மணி பாத்துக்கிட்டு நிக்கிறது?”

டைம்கீப்பர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“உங்களத்தான். கையக் கழுவிட்டு வாங்க.”

“நானா? எனக்கு இந்த வேலை தெரியாதும்மா.”

“அண்ணே, போ!” என்று தங்கை முதுகில் கைவைத்துத் தள்ளிய தள்ளில், கை கழுவும் தொட்டி வரைக்கும் அவர் நடக்காமலே போய்ச் சேர்ந்தார்.

உட்கார்ந்தார். இரண்டு கையாலும் உறையைப் பிடிக்கப் போனார்.

“மச்சான்!” குஷன்காரர் நான்காம் நாற்காலியிலிருந்து கத்தினார். “ஒத்தைக் கை! சொன்ன வாக்கு!”

டைம்கீப்பர் ஒரு கணம் யோசித்தார். இடது கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் இழுத்தார். பதினோரு வருடச் சாக்கின் கோபம் முழுவதையும் வைத்து இழுத்தார். நகத்தால் இல்லை, விரல் சதையால். கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாப் பாடத்தையும் கவனித்திருக்கிறார் போல.

பிறகு அந்த வார்டில் எழுந்த சத்தம்! பதினோரு சுத்தியல். மழை தகரக் கொட்டகையில் இறங்குகிற மாதிரி. கீழ்மாடியில் பல் பிடுங்க வந்தவர்கள் பாதிப்பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். கணக்கு டீச்சர் ஆணிக்கு ஆணி இடைவெளியை எண்ணினார். டிரைவர் இழுத்த இழுப்பில் பலகை முனகியது. “உறைய மாத்தச் சொன்னா நாற்காலியவே பிழியாதீங்க!” என்று யாரோ கத்த, எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் குஷன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வாயில் கவ்வியிருந்த ஆணிகள் நான்கு பக்கமும் சிதறின. அவர் பொறுக்கவில்லை. ஆணியைப் பொறுக்காத குஷன்காரரை அவர் மனைவி அன்றுதான் பார்த்தாள். கண்ணாடி மங்கலாகிவிட்டது, முந்தானையால் துடைத்தாள், மறுபடி மங்கியது. மங்கல் கண்ணாடியில் இல்லை.

கடைசி நாற்காலி நிமிர்ந்தது. பதினோரு கரும்பச்சை நாற்காலிகள், ஒரு சுருக்கம் இல்லாமல். பெரிய சிஸ்டர் ஒவ்வொன்றிலும் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்பதாவதில் உட்காரவே செய்தார். உட்கார்ந்து, அங்கிருந்தே மேஜைமேல் இருந்த டீயை எடுத்துத் தரச்சொல்லி ஒரு வாய் குடித்தார்.  உதட்டோரம் வந்ததை அன்று துடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒன்பதாம் நாற்காலிக்கு ஒரு புதுப்பெண் வந்தாள், முகம் வெளுத்து. நான்காம் நாற்காலியிலிருந்து அவளுக்கு மடித்த துண்டு ஒன்று போனது.

“இடுப்புக்கு வைங்கம்மா. தேவைப்படாது. இருந்தாலும் வைங்க. அது அங்க இருக்க வேண்டிய துண்டு.”

இப்போது குஷன்காரர் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கடையில் உட்காருகிறார். மனைவி இழுத்துப் பிடிக்க, அவர் அடிக்கிறார். காகிதக் கைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்காதவர்களுக்கும் அவள் சொல்கிறாள். நேற்று ஒரு வக்கீல் கார் சீட்டோடு வந்து, முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, ஒத்தைக் கையால, நாப்பது நிமிஷத்துல, பதினோரு நாற்காலியா? கோர்ட்ல இத விட நல்ல பொய்யா சொல்வாங்க.”

அவள் மூலையைப் பார்த்தாள். டைம்கீப்பர் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர் சீட் கரும்பச்சையாகப் பளபளத்தது.

“பெரியவரே, நீங்க சொல்லுங்க” என்றார் வக்கீல். “இது நடந்ததா?”

டைம்கீப்பர் தன் வலது கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“நடந்தது சார். ஆனா நாப்பது நிமிஷம்னு இவ சொல்றது சுத்தப் பொய்” என்றார். “முப்பத்தெட்டு.”